ஏட்டுத் தண்ணீர் ஏரிக்கு வருமா?

தருமபுரி ஜில்லாவில் எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் ஒரு கேள்வி எழுகிறது. "ஒகேனக்கல்லில் இவ்வளவு தண்ணீர் ஓடுகிறதே, நம் ஏரிக்கு ஏன் ஒரு சொட்டும் வரவில்லை?" பென்னாகரத்தில் கேட்கிறார்கள். காரிமங்கலத்தில் கேட்கிறார்கள். காவேரியைக் கண்ணாலேயே பார்த்திராத அரூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளியும் கேட்கிறான். காவேரி நுழைகிற ஜில்லாவில் குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்கள் இப்படிக் கேட்பதில் என்ன தவறு?

இந்தக் கேள்வியிலிருந்துதான் காவேரி உபரிநீர்த் திட்டம் என்ற கோரிக்கை பிறந்தது. வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 டி.எம்.சி. தண்ணீரை மேலேற்றி, ஜில்லாவின் ஏரிகளை நிரப்பவேண்டும் என்பது கோரிக்கை. இதற்காகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், நடைப்பயணம் நடத்தியிருக்கிறார்கள், 2024 அக்டோபரில் கடையடைப்பும் நடந்தது. கோரிக்கையை எழுப்பியது எந்தக் கட்சி என்று பார்த்து நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டோம். ஏரியில் தண்ணீர் வந்தால் நடவு நடக்கும். நடவு நடந்தால் கூலி கிடைக்கும். ஆகவே கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் ஆதரிப்பவன் கணக்குக் கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லை. மந்திரிகளும் அதிகாரிகளும் திட்டம் என்ற பெயரில் எதைக் கொண்டுவந்தாலும், முதல் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். இந்த நதியில் இவ்வளவு தண்ணீர் கிடைக்கும், இந்த ஓடையில் இவ்வளவு கிடைக்கும் என்று. அந்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது இஞ்சினியர் எழுதியது, அவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறோம். நாம் சொல்ல வந்தது இதுதான்: அந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு வருஷம், ஒரு சராசரி

டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு பகல் ஒரு இரவு முழுதும் ஓடினால் 1 டி.எம்.சி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பத்திரிகையில் வரும் எந்த எண்ணையும் நம் கையாலேயே எடை போட்டுப் பார்க்கலாம்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, எல்லையில், பிலிகுண்டுலு என்ற இடத்தில் மத்திய நீர் ஆணையம் காவேரியை அளக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய தண்ணீருக்கு அதுதான் தராசு. 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பின்படி, ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அங்கே வந்து சேரவேண்டும்.

வந்ததா? 2022-23ல் வெள்ளம். 600 டி.எம்.சி.க்கு மேலேயே வந்து கடலுக்கும் போயிற்று. அடுத்த வருஷம், 2023-24ல், 81 டி.எம்.சி. அளவே வந்தது. டெல்டாவில் 2023 ஜூன் 12ல் திறந்த மேட்டூரை அக்டோபரில் மூடினார்கள். குறுவை பல இடங்களில் கண்ணெதிரே கருகிற்று.

இப்போது ஒரு குமாஸ்தா இந்த இரண்டு வருஷத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 340க்கு மேல் வருகிறது. உரிமைத் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! ஏட்டில் தமிழ்நாடு தண்ணீரில் மிதக்கிறது. வயலில் பயிர் செத்துக் கிடக்கிறது. ஆறு சராசரி நான்கடி ஆழம் என்று கேட்டு இறங்கியவன் முழுகிப்போன கதைதான் இது.

சராசரி பொய் என்று நாம் சொல்லவில்லை. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் முதல் வருஷத்து வெள்ளத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைக்க இடம் இருந்தால்தான் அந்தச் சராசரிக்கு அர்த்தம் உண்டு. மேட்டூர் அணை கொள்வது 93.47 டி.எம்.சி. அதற்குமேல் வருவது கணக்கில் வரவு, கையில் வரவல்ல.

காவேரியை விடுங்கள், நம் ஜில்லாவின் மழையையே பாருங்கள். ஆண்டு முழுதும் 900 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் பிரதேசம் இது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் வந்தபோது அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் பெய்தது. பக்கத்து ஜில்லாவில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழையில் மூன்றில் ஒரு பங்கை அரூர் ஒரு நாளில் பார்த்தது. வீடு இடிந்தது, ஆடு மாடு போயிற்று, வயலில் மண் மூடியது. ஆனால் மழைமானிப் புத்தகத்தில் அந்த நாள் எப்படி ஏறுகிறது? நல்ல மழை வருஷம் என்று ஏறுகிறது! நாளைக்கு யாராவது அரூர் தாலுகாவுக்குத் திட்டம் தீட்டினால், அந்த 33 சென்டிமீட்டரும் நமக்குக் கிடைத்த தண்ணீர் என்று கூட்டித்தான் சராசரி போடுவார்கள்.

50 என்றும் 75 என்றும்

இஞ்சினியர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் அவர்கள் நம்பகம் என்று ஒரு வார்த்தையை வைத்திருக்கிறார்கள். 75 சதவீத நம்பகம் என்றால், நூறு வருஷத்தில் 75 வருஷம் இந்த அளவுக்குக் குறையாமல் தண்ணீர் வரும் என்று பொருள். 50 சதவீத நம்பகம் என்றால், இரண்டில் ஒரு வருஷம் குறையும் என்று பொருள். பாசனத்துக்கு 75 பார்ப்பது வழக்கம். குடிநீருக்கு ஏறக்குறைய நூறு இருக்கவேண்டும். தாகம் ஒரு வருஷம் லீவு எடுத்துக்கொள்ளாது.

கிருஷ்ணா நதிக்குப் பச்சாவத் நடுவர் மன்றம் 1973ல் தீர்ப்புச் சொன்னபோது 75 சதவீத நம்பகத்தில் 2,060 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. காவேரிக்கு 2007 பிப்ரவரி 5ந் தேதி இறுதித் தீர்ப்பு வந்தபோது, 50 சதவீத நம்பகத்தில் 740 டி.எம்.சி. என்று வைத்து, அந்த 740ஐத்தான் பங்கு போட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி சுற்றுச்சூழலுக்கும் தடுக்கமுடியாமல் கடலுக்குப் போவதற்கும். அந்த 740ம் 1972 வரையுள்ள ஓட்டக் கணக்குகளிலிருந்து எடுத்தது.

இதன் பொருள் என்ன? பங்கு போட்ட அன்றைக்கே, இரண்டில் ஒரு வருஷம் பங்கு முழுதாகக் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். 50ஐ எடுத்ததற்கு நடுவர் மன்றம் தன் காரணங்களைச் சொல்லியிருக்கிறது. காரணங்கள் இருக்கட்டும். குறைந்த வருஷத்தில் என்ன செய்வது என்பதற்கு, குறைவையும் அதே விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் பதில். அதை நாளுக்கு நாள் எப்படி அளப்பது என்பதில்தான் ஒவ்வொரு பஞ்ச வருஷமும் இரண்டு சர்க்கார்களும் மல்லுக்கட்டுகின்றன. 2018ல் வந்த காவேரி மேலாண்மை ஆணையத்தின் கூட்டங்களும் அதிலேயே கழிகின்றன.

அந்த 2018 தீர்ப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது. 192 டி.எம்.சி.யாக இருந்தது 177.25 ஆனது எப்படி? டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெங்களூர் குடிநீருக்கு 4.75 என்றார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஒரு மதிப்பீடு. எந்தத் தராசிலும் நிறுத்துப் பார்த்ததல்ல. அந்த மதிப்பீட்டால் பூமிக்கு மேலே ஓடும் தண்ணீர் 10 டி.எம்.சி. குறைந்தது. பென்சில் ஒரு கட்டம் நகர்ந்தால் எத்தனை ஆயிரம் ஏக்கர் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது கன்னட விவசாயியை நாம் பகைவனாக நிறுத்தவில்லை. மாண்டியாவில் கரும்பு வெட்டுகிறவனும் நம்மைப்போல் கூலிக்காரன்தான். பெங்களூர் 4.75 டி.எம்.சி.யைக் குடிக்கிறவர்கள் யார்? பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் போய் அங்கே சாரம் கட்டி, கலவை சுமந்து, தகரக் கொட்டகையில் படுத்துத் தூங்கும் நம் ஜனங்களும்தான். அவர்கள் வாய்த் தண்ணீரை நாம் தட்டிப் பறிக்கப்போவதில்லை. ஆனால் அந்தத் தாகத்தைக் காட்டி மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டுவேன் என்றால், அது குடிநீர்க் கணக்கல்ல. அதை எதிர்க்கத்தான் வேண்டும்.

சின்ன ஆறுகளின் பெரிய மர்மம்

காவேரிக்காவது பிலிகுண்டுலுவில் தராசு இருக்கிறது. வினாடிக்கு எத்தனை கன அடி என்று காலையும் மாலையும் பத்திரிகையில் வருகிறது. நம் ஜில்லாவுக்குள் ஓடும் சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, வறட்டாறு இவற்றின் கதை என்ன? பெயரே வறட்டாறு என்று வைத்த நம் முன்னோர், இஞ்சினியர்களைவிடக் கணக்கில் நாணயமாக இருந்தார்கள்!

இந்த ஓடைகளின் மேல் பஞ்சப்பள்ளி, தும்பலஹள்ளி, கேசர்குளி, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, வள்ளிமதுரை என்று அணைகள் கட்டியிருக்கிறார்கள். கட்டியது நல்ல காரியமே. வாணியாற்றுத் தண்ணீரில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பயிர் பண்ணியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட சின்ன நீர்ப்பிடிப்புகளுக்குத் தண்ணீரை எப்படி மதிப்பிடுவது வழக்கம்? பத்து இருபது வருஷம் ஓடையையே அளந்து பார்த்த கணக்கு பெரும்பாலும் கிடைக்காது. மழையளவு தெரியும், நீர்ப்பிடிப்பின் பரப்பளவு தெரியும். இவ்வளவு மழை பெய்தால் இவ்வளவு பங்கு ஓடி வரும் என்று ஒரு அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவார்கள். அப்படி நெடுங்காலம் கைக்கொண்ட அட்டவணைகளில் ஒன்று, வெள்ளைக்கார ஆட்சியில் பம்பாய் மாகாணத்தில் வேலை பார்த்த ஸ்ட்ரேஞ்ஜ் என்ற இஞ்சினியர் போட்டது. நீர்ப்பிடிப்பை அவர் நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்றாகப் பிரித்தார். நம் மலையடிவார நிலம் நல்லதா, நடுத்தரமா என்று ஒரு அதிகாரி கண்ணால் பார்த்து முடிவு பண்ணவேண்டும். அங்கே ஒரு படி ஏற்றி எழுதினால் போதும். அணையில் இல்லாத தண்ணீர் ஏட்டில் நிரம்பிவிடும்.

ஸ்ட்ரேஞ்ஜைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்த பூமி வேறு, இன்றைய பூமி வேறு. அன்று மலையிலிருந்து கசிந்துவந்த ஊற்றுத் தண்ணீர் மழை நின்ற பிறகும் ஓடையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. மேல்மண் காய்ந்து பஞ்சுபோல் கிடக்கிறது; முதல் இரண்டு மழையைப் பூமியே குடித்துவிடுகிறது. ஏரிக்கு வரவேண்டிய வரத்துக் கால்வாயில் ஒரு பக்கம் சீமைக்கருவேல், ஒரு பக்கம் செல்வாக்குள்ளவன் வேலி. நான்குவழிச் சாலை போட்டபோது மண்மேடு எழுப்பிய இடங்களில், தண்ணீர் போகும் வழியை யார் எண்ணிப் பார்த்தார்கள்? அதே மழைதான் பெய்கிறது, ஏரி நிரம்பவில்லை. அட்டவணை மட்டும் மாறவில்லை.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் கிழவரைக் கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம் கோடி போயிற்று, எந்த வருஷம் மதகு வரைக்கும் வந்து நின்றது, எந்த வருஷம் ஏரிக்குள்ளேயே கேழ்வரகு விதைத்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்லுவார். நூறு நாள் வேலையில் அந்த ஏரியில் மண் வெட்டிய பெண்களுக்கு வண்டல் எத்தனை அடி இருந்தது என்று தெரியும். இந்த அறிவுக்குத் திட்ட அறிக்கையில் ஒரு வரி இடம் உண்டா?

பம்பு எத்தனை நாள் ஓடும்?

உபரிநீர்த் திட்டத்துக்கு வருவோம். உபரி என்றால் என்ன? மேட்டூர் நிரம்பி வழியும்போது வருவதுதான் உபரி. வெள்ள நாளில் ஒகேனக்கல்லில் அது கண்கொள்ளாக் காட்சி. 2022 ஆகஸ்டில் 2 லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று. 2 லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 17 டி.எம்.சி.க்கு மேல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆண்டுக்கு வேண்டியதாகச் சொல்லப்பட்டது 1.4 டி.எம்.சி.தான். அதாவது ஒரே நாள் வெள்ளத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஜில்லாவின் பன்னிரண்டு வருஷக் குடிநீர் நம் கண்முன்னே ஓடிப்போகிறது. பார்த்தவன் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் அதே மேட்டூர் 2013 ஆகஸ்டில் நிரம்பிய பிறகு, மறுபடி நிரம்பியது 2018 ஜூலையில். நடுவே ஐந்து வருஷம் உபரி என்ற சொல்லுக்கே வேலை இல்லை. 2023-24லும் ஒரு நாளும் நிரம்பவில்லை. 2024 ஜூலை தொடக்கத்தில் அணையில் சுமார் 40 அடி தண்ணீர். ஜூலை 30ல் 120 அடி நிரம்பி வழிந்தது! நான்கு வாரத்தில் பஞ்சம் வெள்ளமாயிற்று. எந்தக் கணிதப் புலி வந்தாலும் அடுத்த ஜூலை எப்படி இருக்கும் என்று இன்றைக்குச் சொல்லமுடியாது.

அப்படியானால் பம்பை எந்த அளவில் வைப்பது? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 3 டி.எம்.சி.யை 35 நாளில் எடுக்க வேண்டுமானால் விநாடிக்கு 1,000 கன அடி இறைக்கவேண்டும். ஆற்றிலிருந்து ஜில்லாவின் மேட்டுக்கு 200 மீட்டர் உயர்த்த வேண்டுமென்று வைத்துக்கொண்டால், அதற்குச் சுமார் 70 மெகாவாட் மின்சாரம் தேவை. உபரி 10 நாள்தான் இருக்கும் என்றால், விநாடிக்கு 3,500 கன அடியும் 240 மெகாவாட்டும் தேவை. அத்தனை பெரிய யந்திரமும் குழாயும், உபரி இல்லாத வருஷத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். இல்லை, சின்னப் பம்பு வைத்து வருஷம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம் என்றால், அப்போது அது உபரி அல்ல. மேட்டூருக்குப் போகவேண்டிய பங்கிலிருந்து எடுப்பது. அதை மறைத்துவைத்து எடுக்கக்கூடாது. தஞ்சாவூர் விவசாயத் தொழிலாளியோடு உட்கார்ந்து பேசி, அவனுக்கும் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும்.

சேலம் ஜில்லாவில் 100 ஏரிகளுக்கு மேட்டூர் உபரிநீரைக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2020ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே முடிகிற காரியம் இங்கே ஏன் முடியாது என்று தருமபுரிக்காரன் கேட்பது நியாயமே. அதோடு இன்னொன்றும் கேட்கவேண்டும்: அந்த நூறு ஏரியில் எந்த வருஷம் எத்தனை ஏரி நிரம்பிற்று, எத்தனை நாள் பம்பு ஓடிற்று? அந்தக் கணக்கை வெளியிட்டால் நமக்கு வழி தெரியும். தென்பெண்ணைத் தண்ணீரைத் தும்பலஹள்ளி அணைக்குத் திருப்பும் எண்ணேகொல்புதூர்க் கால்வாய்க்கும் இதே கேள்விதான். தென்பெண்ணையும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. மேலே யார்கோலில் அணை கட்டியதைத் தடுக்கத் தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. மேலே அணை எழும்பிய பிறகு கீழே உபரி எவ்வளவு என்று திரும்ப எண்ணினார்களா?

நஷ்டம் யார் தலையில்?

எண் தவறிப்போனால் இஞ்சினியருக்குச் சம்பளம் நிற்காது. காண்டிராக்டருக்கு பில் நிற்காது. தண்ணீர் வராத கால்வாய்க்கும் சிமெண்டு மூட்டை ஒன்றுதான் கணக்கு.

நிலம் அதிகமுள்ளவனும் தப்பித்துக்கொள்கிறான். ஏரி வற்றினால் ஆயிரம் அடியில் இன்னொரு ஆழ்குழாய் போடுகிறான். அந்தத் தண்ணீரை லாரியில் ஏற்றி விற்கவும் செய்கிறான். ஒரு ஏக்கர் மானாவாரிக்காரன் துளை போட்டால் கடன்தான் மிஞ்சுகிறது. நிலமே இல்லாதவனுக்கு ஏரி வற்றின மறுநாளே வேலை இல்லை. அவன் மூட்டை கட்டுகிறான். திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கும், கேரளத்துக்கும், பெங்களூருக்கும் தருமபுரியிலிருந்து பஸ் ஏறுகிறவர்களை எண்ணினால் ஏரியின் கணக்குத் தானாகத் தெரிந்துவிடும். ஏரிக்கு அளவுகோல் வைக்காவிட்டாலும் பஸ் ஸ்டாண்டு ஒரு அளவுகோல்.

ஆலைத் தொழிலாளி இதை விவசாயியின் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. பாலக்கோட்டிலும் அரூருக்குப் பக்கத்தில் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிற்பது, இந்த ஜில்லாவில் இவ்வளவு கரும்பு விளையும் என்ற கணக்கின்மேல். கரும்பு நிற்பது, இவ்வளவு தண்ணீர் வரும் என்ற கணக்கின்மேல். கீழ்க்கணக்குப் பொய்த்தால் அரவை நாள் சுருங்குகிறது; முதலில் வீட்டுக்குப் போகச் சொல்லப்படுகிறவன் பருவகாலத் தொழிலாளி. திருப்பூர் மில் வாசலிலோ, ஊரிலிருந்து பஞ்சத்துக்கு வந்தவனைக் காட்டி உள்ளே இருப்பவன் கூலியைக் குறைக்கிறான் முதலாளி. ஏரியில் தண்ணீர் இல்லாதது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கூலிப் பேச்சுவார்த்தையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குடிநீர் இன்னும் கொடுமை. இந்த ஜில்லாவின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம். பல் காவியேறிய பிள்ளைகளையும், முதுகு நிமிராத பெரியவர்களையும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஜப்பான் கடனோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் திட்டம் போட்டார்கள். 2008ல் அடிக்கல், 2013 மே மாதம் திறப்பு. நல்ல திட்டம், நம் ஜனங்கள் போராடி வாங்கிய திட்டம். இப்போது இரண்டாம் கட்டமும் அறிவித்திருக்கிறார்கள். காவேரித் தண்ணீர் குழாயில் வராத நாளில் ஜனங்கள் எங்கே போவார்கள்? அதே பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்குத்தான். இதற்கு நடுவே அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது. தொழிற்சாலை வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் அதற்கு எங்கிருந்து எவ்வளவு தண்ணீர், பஞ்ச வருஷத்தில் முதலில் மூடுவது தொழிற்சாலைக் குழாயையா, தெருக் குழாயையா என்று இப்போதே எழுதி வைக்கவேண்டும்.

வெளிநாட்டிலும் இதே பிழை

இந்தத் தவறு நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் கொலராடோ நதியை 1922ல் ஏழு ராஜ்யங்கள் பங்கு போட்டுக்கொண்டன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். அப்போது கையில் இருந்த கணக்கு, மழை மிகுந்த சில வருஷங்களின் கணக்கு. இல்லாத தண்ணீரைப் பத்திரம் எழுதிப் பங்கு போட்டுவிட்டு, நூறு வருஷமாக வழக்கும் பேச்சுமாக இருக்கிறார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில் இது!

சோவியத் நாட்டிலும் பிசகு நடந்ததை நாம் மறைக்கவேண்டியதில்லை. 1960களிலிருந்து பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா நதிகளைத் திருப்பியதில் ஆரல் கடல் சுருங்கிப்போயிற்று. திட்டமிடுதல் என்பது நம் இயக்கத்தின் கோஷம். நதியைக் கேட்காமலும், அங்கே மீன் பிடிக்கிறவனைக் கேட்காமலும் மேலிருந்து எண்ணை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் யார் போட்டாலும் இந்தக் கதிதான்.

நாம் கேட்பது

தண்ணீர் எவ்வளவு வரும் என்று நிச்சயமாகச் சொல் என்று நாம் எந்த இஞ்சினியரையும் கட்டாயப்படுத்தவில்லை. அது அவர் கையில் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுது என்கிறோம். இந்த ஜில்லாவுக்குப் போடும் ஒவ்வொரு தண்ணீர்த் திட்டத்திலும் ஒரே எண்ணைப் போடாமல், நல்ல வருஷத்தில் எவ்வளவு, நடுவருஷத்தில் எவ்வளவு, நான்கில் ஒரு வருஷம் வரும் பஞ்சத்தில் எவ்வளவு என்று மூன்று எண்ணைத் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும். அந்தப் பஞ்ச வருஷத்தில் ஆயக்கட்டில் வேலை இழக்கிற விவசாயத் தொழிலாளிக்கும், அரவை நின்ற ஆலையின் பருவகாலத் தொழிலாளிக்கும் என்ன நிவாரணம், எத்தனை நாள் வேலை என்பதையும் அதே திட்டச் செலவில் சேர்க்கவேண்டும். பயிருக்கு இன்ஷூரன்ஸ் பேசுகிறவர்கள் கூலிக்குப் பேசுவதில்லை, பேச வைக்கவேண்டும்.

சின்னாற்றிலும் வாணியாற்றிலும் நாகாவதியிலும் ஓட்டத்தை அளந்து, பிலிகுண்டுலு அளவைப்போல் தினந்தோறும் வெளியிடவேண்டும். செலவு அதிகமில்லை, ஒரு அமைச்சர் திறப்புவிழாப் பந்தல் செலவில் பல ஓடைக்கு அளவுகோல் நட்டுவிடலாம். பம்பு வைப்பதற்கு முன் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பை எடுக்கவேண்டும், வண்டல் வாரவேண்டும். வெள்ளம் பத்து நாள்தான் வரும் என்றால், அந்தப் பத்து நாளில் வாங்கிக்கொள்ள ஏரிக்கு வயிறு வேண்டாமா?

சர்க்கார் அளக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் இந்த வருஷமே ஆரம்பிக்கலாம். ஏரி மதகின் சுவரில் அடிக்கணக்கைச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். தண்ணீர் வந்த தேதி, நின்ற அளவு, கோடி போன நாள், வற்றிய நாள் இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிவிடும். ஆலைச் சங்கத் தோழர்கள் அரவை நாளையும், வேலை இழந்தவர் எண்ணிக்கையையும் அதே நோட்டில் பக்கத்தில் சேர்க்கட்டும். கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போவோம். திட்ட அறிக்கையில் நம் ஏரிக்கு எழுதியிருக்கும் தண்ணீர் எந்த வருஷத்துத் தண்ணீர் என்று கேட்போம்.